கையில் ஒட்டிய ரெசினும் பெட்ரோல் பாட்டிலும்

ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் இனம் பெருக விடப்பட்ட இந்தத் தடைக்காலம்தான் ராமேஸ்வரத்திலும் பாம்பனிலும் மண்டபத்திலும் படகைப் பழுது பார்க்கும் காலம். கரையேற்றிய படகின் அடிப்பாகத்தைச் சுரண்ட வேண்டும், உளுத்த பலகையை மாற்ற வேண்டும், இடுக்குகளை அடைக்க வேண்டும், தேவைப்பட்ட இடத்தில் கண்ணாடி நார் விரித்து ரெசின் பூச வேண்டும், பெயின்ட் அடிக்க வேண்டும். இத்தனையும் கத்திரி வெயிலில் நடக்கிறது. ஃபைபர் வேலை செய்பவர்களின் கை சாயங்காலத்தில் முழங்கை வரை பிசுபிசுத்துக் கிடக்கும். கழுவுவதற்கென்று பக்கத்தில் ஒரு பாட்டில் பெட்ரோலும் ஒரு பிடி பனியன் வேஸ்ட்டும் தயாராக இருக்கும்.

பசையை எடுக்கும் அவசரத்தில் தோலைப் பலி கொடுக்கும் பழக்கம் இந்தக் கரையில் மட்டும் இல்லை. டைல்ஸ் ஒட்டுகிறவர், பிளம்பர், தச்சர் எல்லோரிடமும் இருக்கிறது. அதற்குப் பின்னால் இருக்கும் நம்பிக்கைகளில் சில ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்தவை. அதனால்தான் அவற்றை விட மனம் வருவதில்லை.

"பெட்ரோல் தொட்டுத் துடைச்சா ஒரு நிமிசத்துல போயிரும்"

போகும், அதில் பொய் இல்லை. ஆனால் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். படகுக்குப் பூசும் பாலியெஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் என்ற திரவம் கலந்திருக்கிறது. இறுகாத ரெசினைப் பெட்ரோலோ தின்னரோ அசிட்டோனோ நீர்க்கச் செய்யும். நீர்த்த ரெசினில் ஒரு பங்கு துணியில் ஏறுகிறது. மீதி விரல் இடுக்கிலும் நகக்கண்ணிலும் வெடிப்பிலும் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் பரவுகிறது. கை சுத்தமாகத் தெரிவது இதனால்தான்.

அதே நேரத்தில் இன்னொன்றும் நடக்கிறது. நம் வெளித்தோலின் மேலடுக்கு இறந்த செல்களால் ஆனது. அவற்றுக்கு இடையே இருக்கும் கொழுப்புதான் வெளியில் இருந்து எதுவும் உள்ளே புகாமல் தடுக்கிறது. பெட்ரோல் அந்தக் கொழுப்பையும் சேர்த்தே கரைத்து எடுத்துவிடுகிறது. துடைத்தபின் கை வெளுத்து வறண்டு தெரிவது அந்தக் காப்பு போய்விட்டதன் அடையாளம். காப்பு போன தோலின் மேல் நீர்த்த ரெசின் நிற்கிறது. மறுநாள் கை வெடிக்கும், உப்புத் தண்ணீர் பட்டால் எரியும். அந்த வெடிப்போடு மறுபடியும் ரெசினில் கை வைக்கிறார்கள்.

பெட்ரோலில் பென்சீன் இருக்கிறது. இன்று விற்கும் பி.எஸ்.-6 தரப் பெட்ரோலிலும் 1 சதவீதம் வரை அதற்கு அனுமதி உண்டு. ரத்தப் புற்றுநோயோடு தொடர்பு உறுதிசெய்யப்பட்ட பொருள் அது. மாதக்கணக்கில் தினமும் கை கழுவ அதைப் பயன்படுத்தக் கூடாது. பக்கத்துப் படகில் வெல்டிங் நடக்கிற இடத்தில், பீடி பற்றவைக்கிற இடத்தில் பெட்ரோல் நனைந்த கையும் துணியும் என்ன செய்யும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தின்னரும் மண்ணெண்ணெயும் இதைவிட நல்லவை என்று நினைக்க வேண்டாம். அசிட்டோனுக்கு நச்சு குறைவுதான். ஆனால் தோலை வறளச் செய்வதிலும் தீப்பிடிப்பதிலும் அது எதற்கும் குறைந்ததில்லை.

"தேங்காய் எண்ணெய் எடுக்காத பிசின் உண்டா?"

இந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. மரப்படகின் பலகை இடுக்கை அடைக்கும் வேலைக்குக் கலப்பற்று என்று பெயர். குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி, பஞ்சோடு சேர்த்து இடுக்கில் இறக்குவார்கள். குங்கிலியம் மரப்பிசின், எண்ணெயில் கரையும் பொருள். தாரும் அப்படித்தான். அதனால் அந்த வேலை முடித்த கையில் எண்ணெய் தடவித் தேய்த்தால் பிசின் சுத்தமாக வந்துவிடும். பெரியவர்கள் சொன்னது அவர்கள் தொட்ட பசைக்குச் சரியானது.

பசை ஒரே தலைமுறையில் மாறிவிட்டது. ராமேஸ்வரத்தில் அப்துல் கலாமின் தந்தை தனுஷ்கோடிக்கு யாத்ரீகர்களை ஏற்றிப்போக மரப்படகு கட்டினார். மகன் தும்பாவில் ராக்கெட்டுக்காக நார் சேர்த்த பிளாஸ்டிக்கில் ஆய்வு செய்தார். அதே வகைப் பொருள் பிறகு படகுத்துறைக்கும் வந்தது. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் மரப்படகுக்கு ஃபைபர் உறை போடும் முறையில் ஆய்வுகள் செய்தது. 1979 முதல் சென்னையில் இருந்து இயங்கிய வங்காள விரிகுடாத் திட்டம் கரையில் ஏற்றக்கூடிய ஃபைபர் படகுகளை வடிவமைத்தது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த படகுகளில் பெரும்பாலானவை ஃபைபர்தான். படகு மாறியது, பசையும் மாறியது, கை கழுவும் முறை மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது.

இறுகாத ரெசினை எண்ணெய் இளக்கும், தோலையும் கெடுக்காது. அந்த அளவில் தேங்காய் எண்ணெய் இன்றும் நல்ல மருந்துதான். செருப்புக்கும் ஃபார்மைக்கா ஒட்டவும் பயன்படுத்தும் ரப்பர் பசைக்கும் அது உதவும். ஆனால் இறுகிய பாலியெஸ்டர், இறுகிய அரால்டைட், எம்-சீல் ஆகியவற்றை எண்ணெய் தொடக்கூட முடியாது. ஹார்டனர் சேர்ந்ததும் ரெசினின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி ஒரே வலையாகிவிடுகின்றன. பின்னிய வலையைக் கரைக்கும் திரவம் வீட்டிலும் இல்லை, பட்டறையிலும் இல்லை. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்தின் இரும்புக்கு உப்புக்காற்றைத் தாங்கப் பாலிசிலாக்சேன் பூச்சு அடித்திருக்கிறார்கள். அதுவும் இறுகியபின் கரையாத வகைதான். கடலைத் தாங்குவதற்கென்றே செய்த பொருளைக் கையிலிருந்து கரைத்து எடுக்க முயல்வது வீண் வேலை.

"கடல் மண்ணைப் போட்டு உரசு"

இதுதான் கண்கூடாகக் கேடு செய்யும் பழக்கம். மணல் பசையை விடத் தோலை வேகமாகத் தேய்க்கும். நுண்ணிய கீறல்கள் விழும், ரெசினும் உப்பும் அதன் வழியே உள்ளே போகும். ஃபைபர் வேலையில் கையில் ஏறியிருக்கும் கண்ணாடித் துகள்களும் உரசும்போது இன்னும் ஆழமாகக் குத்தும். அரிப்பு எடுக்கும் கையைத் தேய்க்காமல், குளிர்ந்த நல்ல தண்ணீரை ஓடவிட்டுக் கழுவ வேண்டும். ஒட்டியிருக்கும் துகளைச் செல்லோ டேப்பை ஒற்றி எடுக்கலாம்.

கடல் நீரில் சோப்பு நுரைக்காது. அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிதிரியாகப் பிரிந்துவிடும். ராமநாதபுரம் மாவட்டத்தின் பல இடங்களில் கிணற்று நீரும் உப்புதான், அங்கும் இதே கதை. நுரை வராததால் துணிக்குப் போடும் சலவைத்தூளை எடுக்கிறார்கள். அது நுரைக்கும். ஆனால் காரம் மிகுந்தது, வறண்ட தோலை இன்னும் வறளச் செய்யும். கை கழுவ ஒரு குடம் நல்ல தண்ணீர் இல்லாததுதான் இந்தக் கரையில் பாதி நோய்க்குக் காரணம் என்பது என் கருத்து.

எலுமிச்சம்பழம் தேய்ப்பவர்களும் உண்டு. ரெசினை அது ஒன்றும் செய்யாது. எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் தீப்புண் போலக் கொப்பளித்து, ஆறியபின் கருந்தழும்பு நிற்கும். சாற்றிலுள்ள சில பொருள்கள் புறஊதாக் கதிரோடு சேர்ந்து செய்யும் வேலை அது. நிழலே இல்லாத கடற்கரையில் அந்தச் சோதனை வேண்டாம்.

"இருபது வருசமா செய்யுறேன், எனக்கு ஒண்ணும் ஆகல"

எல்லா நம்பிக்கைகளிலும் ஆபத்தானது இதுதான். எபாக்ஸி ரெசினும் அதன் ஹார்டனரும், பாலியெஸ்டருக்குச் சேர்க்கும் கோபால்ட் ஆக்சிலரேட்டரும் ஒவ்வாமையை உண்டாக்கும் பொருள்கள். உடல் அவற்றைச் சில வருடங்கள் பொறுத்துப் பார்க்கும். எந்த நாளில் பொறுமை தீரும் என்று யாராலும் சொல்ல முடியாது. தீர்ந்தபின் ஒரு துளி பட்டாலே கை சிவந்து, நீர்க்கொப்புளம் வந்து, தோல் உரியும். கழுவாத கை பட்ட முகமும் கண்ணிமையும் வீங்கும். இந்த ஒவ்வாமை பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கப் போகாது. களிம்பு போட்டால் ஆறும், வேலைக்குப் போனால் திரும்ப வரும். நல்ல கைத்திறன் உள்ள ஆட்கள் தொழிலையே விட நேரும். இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லை என்பது நாளைக்கு ஆகாது என்பதற்குச் சான்று ஆகாது.

கொத்தனார்களுக்கும் இதே கதை இருக்கிறது. ஈரச் சிமென்ட்டின் காரத்தன்மை பி.எச். 12-க்கு மேல். கையை அப்போதே சுடாது, சில மணி நேரம் கழித்துத்தான் புண் தெரியும். அதில் கரையும் குரோமியம் ஒவ்வாமை தரும் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2005-லேயே அதன் அளவைப் பத்து லட்சத்தில் 2 பங்கு என்று கட்டுப்படுத்திவிட்டது. டைல்ஸ் பசையிலும் இருப்பது சிமென்ட்தான். காய்ந்தால் உதிரும் என்று விட்டுவிடாமல், பட்டவுடன் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்.

"விரல் ஒட்டிக்கிட்டா இழுத்துப் பிரி"

ராமேஸ்வரத்தில் சங்கும் சிப்பியும் ஒட்டிக் கைவினைப் பொருள் செய்கிறவர்களுக்கு ஃபெவிகுவிக் வகைப் பசையோடு பழக்கம் அதிகம். 1942-ல் அமெரிக்காவில் ஹாரி கூவர் கண்ட பசை இது. ஈரம் பட்டால் நொடியில் இறுகும், தோலில் எப்போதும் ஈரம் உண்டு. இழுத்தால் பசை விடாது, தோல்தான் கிழியும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் விரலை ஊறவைத்து, ஓரத்தில் இருந்து மெல்ல உருட்டி விலக்க வேண்டும். கொஞ்சம் அசிட்டோன் இதை இளக்கும். அசிட்டோனுக்கு நான் இடம் கொடுப்பது இங்கே மட்டும்தான், அதுவும் புண் இல்லாத விரலுக்கு. கண்ணிமை ஒட்டிக்கொண்டால் எந்தக் கரைப்பானும் கிட்டே வரக் கூடாது. ஈரத்துணியால் மூடி மருத்துவரிடம் போங்கள்.

பருத்தித் துணி சுற்றிய விரலோடு இந்தப் பசையைத் தொடாதீர்கள். பருத்தியில் சொட்டினால் சட்டென்று சூடேறித் தீப்புண் ஆகும். கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொள்வது பாறையில் இருந்து காக்கும், பசையில் இருந்து காக்காது. கடையில் வாங்கும் இந்தப் பசையால் வெட்டுக்காயத்தை மூடுவதும் தவறு. மருத்துவமனையில் பயன்படுத்துவது அதே குடும்பத்தில் வேறு வகை.

கதவு நிலைக்கு அடிக்கும் பி.யூ. ஃபோமும் கட்டடப் பசையும் சிலிக்கோனும் ஈரத்தில்தான் இறுகும். எனவே பட்டவுடன் தண்ணீரில் கழுவுவது பிழை. முதலில் உலர்ந்த துணியால் அல்லது பாலித்தீன் கவரால் வழித்தெடுங்கள். பிறகு எண்ணெய், அதன் பிறகு சோப்பு.

ரெசினுக்கும் வரிசை இதுதான். இறுகுவதற்கு முன் உலர்ந்த துணியால் துடைத்து, எண்ணெய் தடவி மீண்டும் துடைத்து, மிதமான சோப்பும் நல்ல தண்ணீரும் கொண்டு கழுவி, ஈரம் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். இறுகிவிட்டதா? விட்டுவிடுங்கள். மேல்தோல் தினமும் உதிர்கிறது, ஏறத்தாழ இரண்டு வாரத்தில் அந்த அடுக்கே மாறிவிடும். உள்ளங்கையில் இன்னும் சில நாள் ஆகலாம். எண்ணெயில் ஊறிய கையில் ஓரம் தூக்கியதை மட்டும் எடுத்தால் போதும். பிளேடால் சுரண்டக் கூடாது.

கண்ணுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. ரெசினை இறுக்கச் சேர்க்கும் எம்.ஈ.கே.பி. கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வை போகலாம். அங்கேயே, அந்த நொடியே, குறைந்தது 15 நிமிடம் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, நேராக ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

கையுறை போட்டால் விரலுக்குப் பிடி கிடைக்காது என்பார்கள். நைட்ரைல் கையுறையில் கிடைக்கும். மெல்லிய லேடெக்ஸ் கையுறை வேண்டாம், ஸ்டைரீன் அதை விரைவில் ஊடுருவிவிடும். உள்ளே வியர்த்தால் மாற்ற வேண்டும், உள்ளே ரெசின் போய்விட்டால் உடனே கழற்ற வேண்டும். ஒரு படகுக்கு ஆகும் ரெசின் செலவோடு பார்த்தால் இந்தக் கையுறைச் செலவு மிகச் சிறியது. படகு உரிமையாளர்களிடம் கேட்பது இதுதான்: அடுத்த ஏப்ரலில் ரெசின் கேனும் கண்ணாடி நார்ச் சுருளும் வாங்கும்போது, வேலையாட்களுக்கு ஒரு பெட்டி நைட்ரைல் கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் வாங்குங்கள். பெட்ரோல் பாட்டில் இருக்கும் இடத்தில் ஒரு குடம் நல்ல தண்ணீரும் ஒரு சோப்பும் வையுங்கள்.