தலைக்குப் பதினெட்டு டைல்ஸ்

பெங்களூரு பஸ் ஓசூர் தாண்டறதுக்குள்ள உனக்கு போன் வந்துடும். "மேடம், ஃபோர் ஷேரிங்ல ஒரு பெட்தான் பாக்கி, இப்பவே அட்வான்ஸ் போட்டுடுங்க." போடாதே. நேர்ல போ. கட்டில், பீரோ, வைஃபை எல்லாம் அப்புறம். முதல்ல தரையைப் பாரு.

2024 ஜூலையில, கோரமங்கலாவுல ஒரு பெண்கள் பி.ஜி.க்குள்ள (பணம் கட்டித் தங்கற விடுதி) ராத்திரி நுழைஞ்ச ஒருத்தன், பீகார்ல இருந்து வேலைக்கு வந்த பொண்ணைக் கொன்னுட்டான். அதுக்கப்புறம்தான், ஆகஸ்ட்ல, பெங்களூரு மாநகராட்சி பி.ஜி.க்களுக்குன்னு விதி போட்டுது. அதன்படி ஒரு ஆளுக்குக் குறைஞ்சது 70 சதுர அடி வேணும். டேப் எடுத்து அளந்தா ஓனர் முறைப்பார், அதனால டைல்ஸை எண்ணு. ரெண்டுக்கு ரெண்டு அடி டைல்ஸா இருந்தா ஒண்ணு 4 சதுர அடி. தலைக்கு 18 வந்தா சரி. மடிவாளாவுல நான் முதல்ல தங்கின ரூம்ல நீளத்துக்கு ஆறு, அகலத்துக்கு அஞ்சு. அந்த முப்பது டைல்ஸ்ல நாலு கட்டில்! ராத்திரி பாத்ரூம் போகணும்னா பக்கத்துல படுத்திருக்கறவளைத் தாண்டித்தான் இறங்கணும்.

அடுத்தது சுவர். ரிசப்ஷன்ல சாமி படத்துக்குப் பக்கத்துல டிரேட் லைசென்ஸ் மாட்டியிருக்கான்னு பாரு. கன்னடத்துல 'உத்திமெ பரவானகி'ன்னு போட்டிருக்கும். இல்லைன்னா "லைசென்ஸ் இதியா?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேளு. 2025 செப்டம்பர்ல மாநகராட்சியை அஞ்சாப் பிரிச்சுட்டாங்க, அதனால தலைப்புல இருக்கற பேரைப் பார்த்துக் குழம்பாதே. கதவு நம்பரும் தேதியும்தான் முக்கியம். அதே ஓனரோட பக்கத்துக் கட்டிட லைசென்ஸைக் காட்டறவங்களும் உண்டு.

சாப்பாடும் போடறாங்கன்னா சமையலறைக்குத் தனியா உணவுப் பாதுகாப்புத் துறை நம்பர் வேணும். மொத்தம் 14 இலக்கம். 1ல ஆரம்பிச்சா லைசென்ஸ், 2ல ஆரம்பிச்சா சின்ன வியாபாரத்துக்கான பதிவு. உணவுப் பாதுகாப்பு லைசென்ஸுக்கான 'ஃபோஸ்காஸ்' இணையதளத்துல அந்த நம்பரைப் போட்டா யார் பேர்ல இருக்குன்னு தெரிஞ்சுடும். லைசென்ஸ் வாங்க வேண்டியவங்க வாங்காம நடத்தினா அபராதம்னு சட்டத்துலயே இருக்கு.

மாநகராட்சி விதிப்படி தண்ணி ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தரணும். சாயங்காலம் போய்ப் பார்த்தா எல்லாக் குழாயும் கொட்டும். காலையில எட்டு மணிக்குப் போய்த் திறந்து பாரு. வாசல்லயும் வராந்தாவிலயும் கேமரா, 90 நாள் பதிவு, ராத்திரியும் இருக்கற செக்யூரிட்டி, இதெல்லாமும் விதியில உண்டு. கேமரா இருக்குன்னு கையைக் காட்டினா போதாது, போன வாரப் பதிவை ஓட்டிக் காட்டச் சொல்லு.

விதியை மீறினா லைசென்ஸ் போகும், கட்டிடத்துக்கு சீல் வைப்பாங்க. நியாயம்தான். ஆனா சீல் வெக்கற அன்னிக்கு பெட்டியோட ரோட்டுல நிக்கறது ஓனர் இல்லை, நாமதான். அதனாலதான் இவ்வளவையும் அட்வான்ஸுக்கு முன்னாடியே பார்க்கச் சொல்றேன். பணத்தைக் கையில கொடுக்காதே, பேங்க் வழியா போடு. காலி பண்றப்ப 'மெயின்டனன்ஸ்'னு எவ்வளவு பிடிப்பாங்க, எத்தனை நாள் முன்னாடி சொல்லணும், ரெண்டையும் எழுதி வாங்கு. வாடகைக்கு மேல ஜி.எஸ்.டி. கேட்டா ஏமாறாதே. மாசம் 20,000 ரூபாய்க்குள்ள, 90 நாளாவது தொடர்ந்து தங்கறவங்களுக்கு 2024 ஜூலையிலயே அதை எடுத்துட்டாங்க.

மாநகராட்சிப் புகார் எண் 1533. அதை எல்லார் கண்ணுலயும் படற மாதிரி எழுதி வெக்கணும்ங்கறதும் விதிதான். அவங்க எழுதலைன்னா, நீ இப்பவே போன்ல சேவ் பண்ணிக்கோ.