தகுதியும் திறமையும்

(பத்தாம் வகுப்பு மாணவி, முள்ளுக்குறிச்சி)

ஆங்கிலப் பாடவேளையில் ஒருநாள் "காம்பிடன்ஸ்" என்னும் சொல் வந்தது. சிஸ்டர் பொருள் கேட்டார். "திறமை" என்றேன் நான். "தகுதி" என்றாள் என் தோழி. "இருவர் விடையும் சரியே. ஆனால் இரண்டும் ஒன்றல்ல" என்றார் சிஸ்டர். அன்று எழுந்த சிந்தனையே இக்கட்டுரை.

திறமை என்பது ஒரு செயலைச் செய்து முடிக்கும் ஆற்றல். இதற்கு நம் கொல்லிமலையே சான்று. ஒரு வேட்டுவன் எய்த அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் வீழ்த்தியதைப் புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர் பாடுகிறார். அவன் இம்மலையை ஆண்ட வல்வில் ஓரி என்பதை அறியும் முன்பே, புலவர் அவன் வில்லாற்றலை வியந்துவிட்டார். ஆம், திறமைக்குப் பட்டயம் தேவையில்லை.

தகுதியோ பிறர் வகுத்த விதியைப் பொறுத்தது. எனக்கு வயது 15. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன்படி 18 வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர். ஆனால் கேள்வியைப் புரிந்துகொண்டு தக்க விடை கூற முடிந்தால், சிறு குழந்தையும் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லலாம். ஒரே சிறுமி ஒன்றுக்குத் தகுதியற்றவள், மற்றொன்றுக்குத் தகுதியுடையவள்! எனவே "எதற்குத் தகுதி?" என்று கேட்பதே அறிவுடைமை.

சில வேளைகளில் விதியே தவறாக இருப்பதும் உண்டு. சட்டப் பட்டம் பெற்ற ரெஜினா குஹா என்னும் பெண்மணி வழக்குரைஞராக விண்ணப்பித்தார். பெண் என்பதால் 1916இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் அதை மறுத்தது. அவரிடம் திறமை இருந்தது, தகுதிதான் மறுக்கப்பட்டது. 1923இல் வந்த புதிய சட்டம் அத்தடையை நீக்கியது. பெண்களின் திறமை அந்த ஆண்டில் திடீரெனப் பிறந்ததா? இல்லை, விதிதான் திருந்தியது.

வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தின் முதற் குறளில், தகுதி என்னும் சொல்லை நடுவுநிலைமை என்ற பொருளிலேயே ஆள்கிறார். பிறர் தகுதியை அளப்பவர்க்கும் இந்தத் தகுதி வேண்டும் அல்லவா?

தோழியரே, அரையாண்டுத் தேர்வில் நான் கணக்கில் 31 மதிப்பெண்தான் பெற்றேன். தேர்ச்சிக்கு 35 வேண்டும். "எனக்குத் திறமையே இல்லை" என்று அன்றிரவு அழுதேன். இன்று அது தவறென்று உணர்கிறேன். அந்த விதி நியாயமானதே. நான்தான் இன்னும் அதை எட்டவில்லை. ஆனால் குறைந்தது நான்கு மதிப்பெண். திறமை முழுவதும் அன்று. அது பயிற்சியால் வளரும். இப்போது நாள்தோறும் ஐந்து கணக்குகள் போட்டுப் பார்க்கிறேன்.

ஆகவே திறமையை வளர்ப்போம். நியாயமான தகுதியை உழைத்துப் பெறுவோம். பிறரை அளக்க நேரும்போது நடுவுநிலை தவறாதிருப்போம்!