உலு பெண்டுல்: ஓடையோரம் ஒரு பாடம்

பாரோயிலிருந்து கோலப்பிலா நோக்கிச் செல்லும் சாலையில், அரை மணி நேரத்திற்குள் அடையக்கூடிய இடம் உலு பெண்டுல் பொழுதுபோக்கு வனம். தாமான் நெகாரா போன்ற பெரிய தேசியப் பூங்காக்களின் புகழ் இதற்கு இல்லை. ஆயினும், அங்கெல்லாம் சென்றுவர நாள்கணக்கில் விடுப்பும் கைநிறையப் பணமும் வேண்டும். இதற்கோ ஒரு விடுமுறை நாளும் கட்டுச்சோறும் போதும். தோட்டக் குடும்பங்களுக்கு ஏற்ற இவ்விடத்தைப் பற்றியும், அங்குச் செல்வோர் அறிந்திருக்க வேண்டியவை பற்றியும் இத்திங்கள் காண்போம்.

பாரோயைத் தாண்டியதும் சாலை புக்கிட் புத்துஸ் கணவாயில் ஏறுகிறது. 1875ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஆங்கிலேயப் படைக்கும் ஸ்ரீ மெனாந்தியின் யாம் துவான் அந்தாவின் படைக்கும் போர் நிகழ்ந்த இடம் இதுவே. இக்கணவாய்க்கு மற்றொரு சிறப்பும் உண்டு. இதன் மேற்கே பெய்யும் மழை லிங்கி ஆற்றைச் சேர்கிறது. கிழக்கே பெய்யும் மழை மூவார் ஆற்றைச் சேர்கிறது. ஒரே மேகம் பொழிந்த நீர், மலைமுகட்டில் இரண்டாகப் பிரிந்து இரு வேறு கழிமுகங்களில் கடலை அடைகிறது.

உலு பெண்டுல் ஓடை கிழக்குப் பக்கத்தைச் சேர்ந்தது. 'உலு' என்னும் மலாய்ச் சொல்லுக்கு ஆற்றின் தலைப்பகுதி என்பது பொருள். பெயரே பாடத்தைத் தொடங்கி வைக்கிறது.

ஓடைக்கு மேலே நிற்பது 825 மீட்டர் உயரமுள்ள அங்சி மலை. தித்திவாங்சா மலைத்தொடரின் தென்பகுதியைச் சேர்ந்த கருங்கல் மலை இது. உலு பெண்டுலிலிருந்து ஒரு நடைபாதையும், புக்கிட் புத்துஸிலிருந்து குறுகியதும் செங்குத்தானதுமான மற்றொரு பாதையும் உச்சிக்குச் செல்கின்றன. முன்னதில் ஏறுவதற்கு மூன்று மணி நேரம் வரை ஆகும். மலையேற விரும்புவோர் காட்டிலாகாவின் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். நிரந்தரக் காட்டு ஒதுக்கீட்டினுள் அனுமதியின்றி நுழைவது, 1984ஆம் ஆண்டின் தேசியக் காட்டியல் சட்டப்படி குற்றமாகும்.

முன்பொரு பள்ளி விடுமுறையில், பாரோய் வட்டாரத் தோட்டக் குடும்பங்கள் சிலவற்றுடன் நாமும் அங்குச் சென்றிருந்தோம். பிள்ளைகள் முழங்காலளவு நீரில் விளையாடிக் கொண்டிருந்தனர். வானம் தெளிவாக இருந்தது. நண்பகல் கடந்த வேளையில், கரையில் அமர்ந்திருந்த முன்னாள் பால்மரத் தொழிலாளியான மூதாட்டி ஒருவர் நம்மை அழைத்தார்.

"தம்பி, தண்ணி கலங்குது பாருங்க. பிள்ளைகளை மேலே கூப்பிடுங்க."

பளிங்குபோல் இருந்த நீர் தேயிலைச் சாயம்போல் மாறியிருந்தது. பச்சை இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வந்தன. பிள்ளைகளைக் கரையேற்றினோம். சிறிது நேரத்திற்குள், அவர்கள் அமர்ந்திருந்த பாறை நீருக்குள் மறைந்துவிட்டது. நம் தலைமேல் அப்போதும் ஒரு துளி மழையும் இல்லை.

இதற்குக் காரணம் யாது? மலைச்சரிவில் பல சிற்றோடைகள் உள்ளன. மேலே கனமழை பெய்தால் அவை யாவும் ஒரே பள்ளத்தாக்கில் வந்து கூடுகின்றன. சில வேளைகளில் விழுந்த மரங்களும் சருகுகளும் நீரைத் தேக்கி, பின்னர் உடைந்து வழிவிடுகின்றன. அவ்வாறு ஒருங்கே இறங்கும் நீரை மலாயில் 'கெப்பாலா ஆயர்' என்பர். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள், கெடா மாநிலத்து ஜெராய் மலையிலிருந்து இவ்வாறு இறங்கிய வெள்ளம், அடிவாரத்து யான் வட்டாரத்தில் அறுவரின் உயிரைக் குடித்தது.

எனவே, நீராடுவோர் மூன்று அடையாளங்களை மனத்திற்கொள்ள வேண்டும். நீரின் நிறம் மாறுதல். இலை, சுள்ளி, மரத்துண்டு முதலியவை மிதந்து வருதல். நீர்மட்டமோ இரைச்சலோ திடீரென மிகுதல். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் உடனே கரையேறி, மேட்டு நிலத்தை அடைதல் வேண்டும். ஓடையின் போக்கிலேயே கீழ்நோக்கி ஓடலாகாது. செருப்பையும் சோற்றுப் பாத்திரத்தையும் எடுக்கத் திரும்பலாகாது. அக்கரையில் சிக்கியவர்கள், நீர் வடியும்வரை அங்கேயே மேட்டில் காத்திருப்பதே அறிவுடைமை. விரைந்தோடும் நீர் முழங்காலளவே இருப்பினும் பெரியவரையும் வீழ்த்திவிடும். உதவிக்கு 999 என்னும் எண்ணை அழைக்கலாம்.

நெகிரி செம்பிலானில் ஏப்ரல் மாதத்தை ஒட்டியும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை மிகுதி. ஆதலின், காலையிலேயே சென்று நண்பகலுக்குள் நீராட்டத்தை முடித்துக் கொள்வது நன்று. பெரியவர் ஒருவர் நீரில் இறங்காமல், மேல்நோக்கிப் பார்த்தவாறு கரையில் அமர்ந்திருக்கட்டும். அது வீண்பொழுதன்று, அன்றைய நாளின் முதன்மையான வேலை அதுவே.

இனி, கீழ்நோக்கியும் சற்றுப் பார்ப்போம். நமக்கு மேலே ஓடை இருப்பதுபோல், நமக்குக் கீழே வாழ்பவர்களும் இருக்கின்றனர். நாம் எறியும் உணவுப் பொட்டலம் எலிகளை அழைக்கிறது. எலியின் சிறுநீர் கலந்த நீர் எலிக்காய்ச்சலைப் பரப்புகிறது. 2010ஆம் ஆண்டு பகாங் மாநிலத்து லூபோக் யூ பொழுதுபோக்கு வனத்தில், நீரில் மூழ்கியவரைத் தேடச் சென்றவர்களுள் சிலர் எலிக்காய்ச்சலும் மண்வழிப் பரவும் மெலியோய்டோசிஸ் நோயும் தாக்கி மாண்டனர். எனவே, உடலில் புண் உள்ளவர்கள் நீரில் இறங்காதிருப்பதும், குப்பையைப் பையில் கட்டி வீட்டிற்கே கொண்டு வருவதும் கடமையாகும். குளித்து வந்தபின் காய்ச்சல் கண்டால், எங்குக் குளித்தோம் என்பதை மருத்துவரிடம் தவறாமல் கூறுதல் வேண்டும்.

ஓடையில் நிற்பவர் எப்போதும் நடுவில் நிற்கிறார். மேலிருந்து வருவதைக் கவனிப்பது அவர் உயிரைக் காக்கும். கீழே போவதைக் கவனிப்பது பிறர் உயிரைக் காக்கும். இவ்விரண்டையும் கற்றுக் கொண்டு, குடும்பத்தோடு உலு பெண்டுல் சென்று மகிழ்ந்து வருவோமாக.

சிந்திப்பதற்குச் சில வினாக்கள்:

1. நம் தலைமேல் மழை இல்லாதபோதும் ஓடையில் வெள்ளம் வருவது எவ்வாறு?
2. வெள்ளம் வருமுன் நீர் காட்டும் மூன்று அடையாளங்கள் யாவை?
3. உங்கள் வீட்டருகே ஓடும் ஆற்றின் தலைப்பகுதி எங்குள்ளது? பெரியோரைக் கேட்டு எழுதுக.