முன்பின் அறியாதார் சொல்லும் சட்ட யோசனை

கம்பம் பள்ளத்தாக்கில் சுருளிப்பட்டி போன்ற கிராமங்களில் வரப்புத் தகராறோ பாகத் தகராறோ கிளம்பிய மாத்திரத்தில் சட்ட யோசனை சொல்லுவோருக்குக் குறைவு ஏற்படுவதில்லை. காப்பிக் கடையில் ஒருவர், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஒருவர், உத்தமபாளையம் தாலுகா ஆபீஸில் மனுவுடன் காத்திருப்பவர் மற்றொருவர் என்று, முன்பின் பார்த்திராதவர்களும் தாராளமாக அபிப்பிராயம் கூறுகிறார்கள். இவர்கள் எல்லோரும் வஞ்சகர்கள் என்று எண்ணிவிடலாகாது. பெரும்பாலோர் நல்லெண்ணத்துடனேயே பேசுகின்றனர். நல்லெண்ணத்துடன் சொல்லப்படும் யோசனையும் ஒரு குடும்பத்தின் நிலத்தைப் போக்கிவிடுவது எவ்வாறு என்பதே இங்கு ஆராயத்தக்க விஷயம்.

ஒரு திருஷ்டாந்தம் பார்ப்போம். தகப்பனார் காலமாகிவிட்டார், திராட்சைத் தோட்டத்தையும் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் நஞ்சையையும் அண்ணன்மார் அனுபவிக்கின்றனர், விவாகமாகி வெளியூர் சென்ற பெண் தனக்குப் பங்கு உண்டா என்று கேட்கிறாள் என வைத்துக்கொள்வோம். "கட்டிக் கொடுத்த பெண்ணுக்குப் பங்கு ஏது?" என்கிறார் ஒருவர். "சுப்ரீம் கோர்ட்டே சமபங்கு என்று சொல்லியாயிற்று, நாளைக்கே தாவா போடு" என்கிறார் வேறொருவர். இருவர் சொல்லும் சொல்லிலும் சட்டத்தின் ஒரு துண்டு இருக்கிறது. முழுச் சட்டம் இருவரிடத்தும் இல்லை.

தமிழ்நாட்டில் 1989-ஆம் வருஷம் மார்ச்சு 25-ந் தேதி முதல் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி, இந்துக் குடும்பத்தின் பூர்வீக சொத்தில் பெண்களும் பிறப்பினாலேயே பங்காளிகள் ஆயினர். ஆயினும் அத்தேதிக்கு முன் விவாகமானவர்களுக்கு அந்தப் பாத்தியதை அளிக்கப்படவில்லை. முதலாமவர் காதில் விழுந்திருப்பது இது. 2005-ஆம் வருஷம் செப்டம்பர் 9-ந் தேதி அமலுக்கு வந்த மத்திய சட்டம் விவாகமானவர், ஆகாதவர் என்ற பேதத்தை நீக்கிவிட்டது. அன்றைய தினம் தகப்பனார் உயிருடன் இருந்திருக்க வேண்டும் என்று 2015-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2020-ஆம் வருஷம் ஆகஸ்டு 11-ந் தேதி மூன்று நீதிபதிகள் கொண்ட பெஞ்சு அது அவசியமில்லை என்று கூறிற்று. இரண்டாமவர் சொல்வது இதையே. ஆனால் 2004-ஆம் வருஷம் டிசம்பர் 20-ந் தேதிக்கு முன்னர் ரிஜிஸ்தர் பத்திரத்தினாலோ கோர்ட்டு டிகிரியினாலோ பாகப்பிரிவினை முடிந்துபோயிருந்தால், அதைச் சட்டம் கலைப்பதில்லை. அண்ணன்மாரிடம் அத்தகைய பத்திரம் ஒன்று இருக்குமானால், "நாளைக்கே தாவா போடு" என்ற வார்த்தையை நம்பியவளுக்குக் கோர்ட்டுக் கட்டணமும் நஷ்டம், பிறந்த வீட்டு உறவும் நஷ்டம்.

இன்னும் கேட்கவேண்டிய கேள்விகள் உண்டு. அந்த நிலம் பூர்வீகமானதா, தகப்பனார் சுயமாக வாங்கியதா? சுயார்ஜிதமானால் அவர் தம் இஷ்டப்படி உயில் எழுதி வைத்திருக்கக் கூடும்; உயில் இல்லையேல் இந்து வாரிசுச் சட்டப்படி மகனும் மகளும் சமமே. குடும்பம் எந்த மதத்தைச் சேர்ந்தது? கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் முஸ்லிம் குடும்பங்கள் பல. இராயப்பன்பட்டியில் கிறிஸ்தவர்கள் மிகுதி. முஸ்லிம் சட்டத்தில் மகனுடன் சேர்ந்து வாரிசாகும் மகளுக்கு மகன் பங்கில் பாதி. கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் வருஷத்திய இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மகனும் மகளும் சமம். மேலும் இப்பள்ளத்தாக்கினர் சிலருக்கு மலைமேல், கேரள எல்லைக்குள், ஏலத்தோட்டம் உண்டு. அங்கு 1976-ஆம் வருஷம் டிசம்பர் 1-ந் தேதி முதல் இந்துக் கூட்டுக் குடும்ப முறையே சட்டத்தினால் ஒழிக்கப்பட்டதாகையால், அந்த நிலத்தைப் பற்றித் தனியே விசாரிக்க வேண்டும். ஒரே தகப்பனார் விட்டுச்சென்ற இரண்டு நிலங்களுக்கு இரண்டு விதமான விடை வரலாம்.

ஆகவே யோசனை சொல்பவருக்குச் சட்டம் தெரியுமா என்பது மட்டும் கேள்வியன்று. அவர் பத்திரத்தைப் பார்த்தாரா, தேதிகளைக் கேட்டாரா என்பதே முக்கியம். பொதுவில் இன்ன சட்டம் வந்திருக்கிறது என்ற சமாசாரத்தை யாரிடமிருந்தும் கேட்டுக்கொள்ளலாம், அதனால் தீங்கில்லை. "நீ இன்னது செய்" என்ற வார்த்தையைத் தஸ்தாவேஜுகளைப் பாராதவரிடமிருந்து ஏற்பது வேறு விஷயம். வைத்தியர் நாடி பாராமல் மருந்து கொடுப்பதை ஒருவரும் ஒப்புவதில்லை அல்லவா?

"அவசரமில்லை, மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்" என்ற யோசனைதான் எல்லாவற்றிலும் அபாயமானது. கேட்பதற்கு இனிமையாக இருப்பதால் அதை எவரும் சந்தேகிப்பதில்லை. கேட்டபோது கொடுப்பதாக எழுதிய பிராமிசரி நோட்டுக்கு 1963-ஆம் வருஷத்திய காலவரையறைச் சட்டப்படி எழுதிய தேதியிலிருந்து 3 வருஷமே கெடு. கெடு முடியுமுன் கடன்காரர் எழுத்து மூலமாகக் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் புதிய கெடு தொடங்கும். வாயால் ஒப்புக்கொண்டது கணக்கில் வராது. கெடு கடந்த தாவாவை எதிரி ஆட்சேபிக்காவிட்டாலும் கோர்ட்டு தள்ளிவிடவேண்டும் என்பது சட்டம். தவறான வாசலைக் காட்டும் யோசனையும் இவ்வகையினதே. கூட்டுறவுச் சங்கத்தின் நிர்வாகத்தையும் வியாபாரத்தையும் பற்றி அங்கத்தினருக்கும் சங்கத்துக்கும் ஏற்படும் தகராறுகள், 1983-ஆம் வருஷத்திய தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 90-வது பிரிவுப்படி ரிஜிஸ்திராரிடம் செல்லவேண்டியவை. சிவில் கோர்ட்டில் பிராது கொடுக்கச் சொல்பவர், கேட்டவரை வீணே அலைக்கழிக்கிறார்.

நல்லெண்ணமில்லாதவர்களைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். கோர்ட்டுத் தரகர்களின் தொல்லை பழையது. தரகர்களின் பெயர்ப் பட்டியலைத் தயாரித்துக் கோர்ட்டுகளில் தொங்கவிட 1879-ஆம் வருஷத்திய சட்டத்தின் 36-வது பிரிவில் ஏற்பாடு இருந்தது. அச்சட்டம் நீக்கப்பட்டு, அதே ஏற்பாடு 1961-ஆம் வருஷத்திய வக்கீல்கள் சட்டத்தில் சேர்க்கப்பட்டு, 2024-ஆம் வருஷம் செப்டம்பர் 30-ந் தேதி முதல் அமலில் இருக்கிறது. பட்டியலில் பெயர் இருக்கும்போது தரகு செய்தால் 3 மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இன்றைய விலைவாசியில் அந்த அபராதத்துக்கு எந்தத் தரகர் அஞ்சுவார் என்பது கேள்வியே. "ஜெயித்தால் நிலத்தில் பாதி கொடுங்கள், இப்போது ஒன்றும் வேண்டாம்" என்று சொல்பவரைக் கண்டால் உடனே விலகிவிடுவது உத்தமம். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கூலி பேசுவதும், தாவாச் சொத்தில் பங்கு கேட்பதும் வக்கீல்களுக்கு விலக்கப்பட்டவை. ஆதலால் அவ்வாறு பேசுபவர் ஒன்று வக்கீல் அல்லர், அல்லது விதியை மீறும் வக்கீல். வெற்று முத்திரைத் தாளில் கையெழுத்துக் கேட்பவரைப் பற்றிச் சொல்லவே வேண்டுவதில்லை.

அதிகமாக ஒருவரும் கவனியாத பேதம் ஒன்று உண்டு. கட்சிக்காரர் தம் வக்கீலிடம் சொன்னதை, கட்சிக்காரரின் சம்மதமின்றி வக்கீல் வெளியிடலாகாது. 1872-ஆம் வருஷத்திய சாட்சியச் சட்டத்தில் இருந்த இந்தப் பாதுகாப்பு, அதன் இடத்தில் 2024-ஆம் வருஷம் ஜூலை 1-ந் தேதி முதல் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் இருக்கிறது. குற்ற நோக்கத்துக்குத் துணை கேட்டதற்கு மட்டும் அது பொருந்தாது. முன்பின் அறியாதவரிடம் சொன்னதற்கோ இப்பாதுகாப்பு இல்லை. "அந்தப் பத்திரத்தில் நான்தான் கையெழுத்துப் போட்டேன், ஆனாலும் இல்லை என்று சொல்லலாமா?" என்று காப்பிக் கடையில் கேட்டவரின் வார்த்தையைக் கேட்டிருந்தவர், எதிர்க்கட்சியின் சாட்சியாகக் கூண்டில் ஏறலாம். வக்கீல் தம் கடமையில் தவறினால் அவர்மீது பார் கவுன்சிலில் புகார் செய்யவும் வழியுண்டு; பஸ்ஸில் பேசியவரை எங்கே தேடுவது?

பணமில்லையே என்று அயலாரை நாடுபவர்கள் பலர். அவர்களுக்காகவே 1987-ஆம் வருஷத்திய சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டம் 1995-ஆம் வருஷம் நவம்பர் 9-ந் தேதி முதல் அமலில் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்போர் ஆகியவர்களுக்கு வருமானம் பாராமலும், மற்றவர்களுக்கு வருமான வரம்புக்கு உட்பட்டும் இலவசமாக வக்கீல் அமர்த்தித் தரப்படும். மேற்சொன்ன பெண் செல்வந்தர் வீட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாலும் இதற்கு உரியவளே. தேனி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் விண்ணப்பிக்கலாம். 15100 என்ற டெலிபோன் நம்பரிலும் கேட்கலாம். லோக் அதாலத்தில் சமாதானமாக முடித்துக்கொண்டால் கட்டிய கோர்ட்டுக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் அங்கே ஏற்படும் தீர்வுக்கு அப்பீல் கிடையாது. "இப்போது கையெழுத்துப் போடு, பிறகு அப்பீல் செய்துகொள்ளலாம்" என்று கூட வந்தவர் காதோடு சொன்னால் அதைக் கேட்கலாகாது. வாசகத்தை முழுதும் படிக்கச் செய்து கேட்ட பிறகே கையெழுத்திட வேண்டும்.

போகும்போது வெறுங்கையுடன் போவதில் பயனில்லை. தகப்பனாரின் மரணச் சான்று, வாரிசுச் சான்று, பட்டா நகல், மூலப் பத்திரங்கள், கிடைக்கும் வரையில் பழைய வருஷங்களுக்கான வில்லங்கச் சான்று ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கிக் கொண்டு போகவேண்டும். மூலங்களைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டு நகல்களை மட்டும் கொடுத்துவிட்டு வரலாம்; மூலத்தைக் கொடுக்க நேர்ந்தால் ரசீது வாங்குதல் அவசியம். மலைமேல் நிலம் இருந்தால் அதன் பத்திரங்கள் மலையாளத்தில் இருக்கக்கூடுமாதலால், அவற்றைத் தமிழில் பெயர்த்து உடன் எடுத்துச் செல்வது நலம்.