மூன்று நாடுகள் கூடும் மூலை



இலையுதிர்கால விடுமுறை முடிந்து வகுப்புத் தொடங்கிய நாளில், "விடுமுறைக்கு எங்கே சென்றீர்கள்?" என்று மாணவரை வினவினோம். ஒருவன் பாரிஸ் சென்றதாகச் சொன்னான். அங்கே கண்டவை யாவை எனக் கேட்டதற்கு, "லாச்சப்பல் கடைகளும் மாமாவின் கலியாண மண்டபமும் சேர்" என்றான். ஏனையோர், தாம் எங்கும் போகவில்லை என்றனர். அவர்களுள் ஒருத்தி, முதல்நாள்தான் தாயாருடன் வைல் நகருக்குச் சென்று சாமான் வாங்கி வந்தவள். ஜேர்மனிக்குப் போய்வந்ததை அவள் ஒரு பயணமாகவே எண்ணவில்லை. இக்கட்டுரைக்குக் காரணம் அவ்விடையே.

நாம் தீவொன்றிலே பிறந்தவர்கள். வன்னியில் புவியியல் கற்பித்த காலத்தில் 'தரை எல்லை' என்பதைக் கரும்பலகையில் கோடு கீறி விளக்கினோமேயன்றி, அத்தகைய எல்லையொன்றைக் கண்ணாற் கண்டதில்லை. எமக்கும் அயல்நாட்டுக்கும் இடையே கடல் கிடந்தது. 1914 முதல் 1964இல் தனுஷ்கோடியைப் புயல் அழிக்கும் வரை, தலைமன்னாரிலிருந்து அங்கே கப்பல் ஓடியதைப் பேரனார் சொல்லக் கேட்டிருக்கிறோம், அவ்வளவே.

நாம் இப்போது வாழும் பாசல் நகரமோ மூன்று நாடுகள் தொட்டுக்கொள்ளும் இடத்தில் அமைந்துள்ளது. இங்கிருந்து பிரான்சின் கொல்மார் நகரும் ஜேர்மனியின் ஃபிரைபூர்க் நகரும் ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட தொலைவிலுள்ளன. விரைவுப் புகையிரதத்தில் ஏறினால் ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் பாரிஸை அடையலாம். பாடிஷர் பான்ஹோஃப் எனப்படும் நிலையம் சுவிஸ் மண்ணில் நிற்கும் ஜேர்மன் புகையிரத நிலையமாகும். பாடன் அரசும் சுவிஸ் நாடும் 1852இல் செய்த உடன்படிக்கையின் பயன் அது. பிரதான நிலையத்திலும் பிரெஞ்சுப் புகையிரதங்களுக்கெனத் தனிப்பகுதி உண்டு. விமான நிலையமோ முழுமையாகப் பிரெஞ்சு மண்ணிலே இருக்கிறது. நிலத்தைப் பிரான்ஸ் கொடுக்க, சுவிஸ் கட்டிய அந்நிலையம் 1946இல் திறக்கப்பட்டது. அயலவர் இருவர் பொதுக்கிணறு வெட்டினால் துலாவை யார் பிடிப்பது என்று சண்டை வரும் ஊரிலிருந்து வந்த எமக்கு, இது வியப்பாகவே இருந்தது.

மாணவர்கள் அவசியம் ஏறிப்பார்க்க வேண்டியது 10ஆம் இலக்க ட்ராம் வண்டி. அது சுவிஸிலிருந்து புறப்பட்டு, லைமென் என்னும் பிரெஞ்சுக் கிராமத்தினூடாகச் சென்று, மீண்டும் சுவிஸுக்குள் நுழைந்து ரோடர்ஸ்டோர்ஃப் என்னும் ஊரில் நிற்கிறது. 1910இல் இப்பாதை திறக்கப்பட்டபோது லைமென் ஜேர்மனிக்கு உரியதாயிருந்தது. அல்சாஸ் பகுதி முழுவதற்கும் அதுவே கதி. 1871இல் ஜேர்மனி அதை எடுத்தது. 1918இல் பிரான்ஸ் மீட்டது. 1940இல் மீண்டும் ஜேர்மனி பிடித்தது. 1945க்குள் மறுபடி பிரான்ஸிடம் வந்தது. 1865இல் அங்கே பிறந்து எண்பது வயதுவரை வாழ்ந்த ஒரு மூதாட்டி, தன் வீட்டு வாசற்படியை விட்டு இறங்காமலே நான்கு முறை நாடு மாறியிருப்பாள். அவள் பேசிய அலமானிய வழக்கோ பாசல் மக்களின் பேச்சுக்கு நெருங்கிய உறவுடையது.

இன்னோர் இடத்தையும் சொல்லாமல் விட இயலாது. 6ஆம் இலக்க ட்ராம் செல்லும் ரீகனுக்கு அருகில், 'இரும்புக் கை' எனப்படும் காடொன்று ஜேர்மன் நிலத்துக்குள் நீண்டு கிடக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நாசிகளிடமிருந்து தப்பிய யூத மக்கள் அதனூடாக வந்தனர். 1942 ஓகஸ்டில் சுவிஸ் அரசு எல்லையை மூடியது. உள்ளே வந்து சேர்ந்தோரும் உளர். பிடிபட்டுத் திருப்பி அனுப்பப்பட்டோரும் உளர். அங்கே நடக்கும்போது நாம் அதிகம் பேசுவதில்லை.

இனி, பெற்றோர் சிலர் எழுப்பிய வினாவுக்கு வருவோம். சென்ற ஆண்டுச் சுற்றுலாவில் பிள்ளைகளை மூன்று நாட்டு மூலை வரை கூட்டிச்சென்ற நாம், வைல் நகரையும் பிரான்சின் ஹூனிங் ஊரையும் இணைக்கும் பாலத்தில் ஏன் நடத்திச் செல்லவில்லை? 248 மீற்றர் நீளமான அந்த நடைபாலம் 2007இல் திறக்கப்பட்டது. அதைக் கடக்கச் சில நிமிடங்களே போதும். ஆயினும் 'எஃப்' அட்டை வைத்திருப்போரும் அகதி விண்ணப்பம் முடிவாகாதோரும் தாம் விரும்பியவாறு எல்லை தாண்ட இயலாது. எமது வகுப்பிலும் அத்தகைய குடும்பத்துப் பிள்ளைகள் உண்டு. அவர்களைக் கரையில் நிறுத்திவிட்டு ஏனையோர் பாலம் ஏறுவதை நாம் விரும்பவில்லை.

அந்நிலையை நாமும் அறிவோம். 2010இல் இங்கு வந்து நான்கு ஆண்டுகள் முடிவுக்காகக் காத்திருந்தோம். அந்நாட்களில் 8ஆம் இலக்க ட்ராம் கிளைன்ஹூனிங்கனுடன் நின்றுவிடும். ஞாயிறுதோறும் அங்கே இறங்கி, துறைமுகத்தினூடாக நடந்து, மூன்று நாட்டுத் தூணின் அடியில் அமர்ந்திருப்போம். எதிர்க்கரையில் யாரோ ஒருவர் பிரான்சில் துணி காயப்போடுவது தெரியும். 2014இல் எமக்குப் பயண ஆவணம் கிடைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் அதே ட்ராம் வைல் வரை நீண்டது. முதற் கிழமையிலேயே ஏறிச்சென்று அப்பாலத்தை இரண்டு தரம் நடந்து கடந்தோம். எவரும் எம்மிடம் எதுவும் கேட்கவில்லை. அவ்வாவணம் நாம் பிறந்த நாட்டுக்கு மட்டும் செல்லாது.

பெற்றோர் கவனத்துக்குச் சில. 2008 டிசம்பரில் தரை எல்லையில் ஆட்சோதனை நீங்கியது உண்மையே. எனினும் 2020 மார்ச்சில் தொற்றுநோயால் மூடப்பட்ட எல்லைகள் ஜூன் 15 வரை திறக்கப்படவில்லை. 2023 ஒக்டோபரில் ஜேர்மனி மீண்டும் சோதனையைத் தொடங்கியது. ஆகவே பிள்ளைகளின் அட்டையையும் கையிலே வைத்திருங்கள். சுங்கமோ ஒருபோதும் நீங்கவில்லை. இறைச்சி ஆளுக்கு ஒரு கிலோ என்பதைக் கலியாண வீட்டுக்காரர் குறிப்பாக நினைவிற் கொள்க.

மாணவர்க்கான வேலை: எல்லை தாண்டக்கூடியோர் ஒரு புதன்கிழமைப் பிற்பகல் பெற்றோருடன் லைமெனில் இறங்கி, அம்மம்மாவுக்குத் தமிழில் ஓர் அஞ்சலட்டை எழுதி அங்குள்ள தபாற்பெட்டியில் இடுக. மற்றையோர் அதையே ரோடர்ஸ்டோர்ஃபிலிருந்து அனுப்பலாம் என்று நாம் முதலில் எண்ணினோம். அங்கே போகும் வண்டியும் பிரான்சினூடாகவே செல்வதால், அவர்கள் மூன்று நாட்டு மூலையிலிருந்து எழுதுக. தபாற்பெட்டி மூன்று நாட்டிலும் மஞ்சள் நிறமே. எந்நாட்டு முத்திரை ஒட்டவேண்டும் என்பதை மட்டும் கேட்டறிந்து ஒட்டுக.