வெள்ளம் என்றால் தண்ணீர்

எறணாகுளத்தின் பழைய வணிகத் தெரு பிராட்வே. துணி, எழுதுபொருள், பாத்திரம், நறுமணப் பொருள் எனக் கடைகள் நெருங்கி நிற்கும் குறுகிய தெரு அது. அங்குச் சிறிது நேரம் நின்று செவிமடுத்தால், மலையாளத்துடன் தமிழும் இந்தியும் வங்காளமும் காதில் விழும். மூட்டை சுமப்போர், கடைகளில் வேலை செய்வோர், விடுமுறை நாளில் பொருள் வாங்க வருவோர் ஆகியோருள் பலர் பிற மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள்.

கொச்சிக்கு இது புதிதன்று. உப்பங்கழியின் அக்கரையிலுள்ள மட்டாஞ்சேரியில் குஜராத்தியரும் கொங்கணியரும் பல தலைமுறைகளாக வாழ்கின்றனர். வாணிகத்தால் பொருள் ஈட்டிய அவர்கள், தம் பிள்ளைகளுக்காகத் தாமே பள்ளிகளை நிறுவினர். அன்றாடக் கூலி பெறுவோர்க்கு அது இயலுமா? அவர்தம் பிள்ளைகளுக்கு அருகிலுள்ள அரசுப் பள்ளியே துணை.

கேரளத்தவர் வளைகுடா நாடுகளுக்குப் பெருமளவில் வேலைக்குச் சென்றபோது, இங்குக் கட்டட வேலைக்கு ஆள் குறைந்தது. முதலில் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர் வந்தனர். பின்னர் அசாம், மேற்கு வங்காளம், ஒடிசா, பீகார் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்தனர். அவ்வாறு வந்தோர் 25 இலட்சம் பேர் இருக்கலாம் என 2013ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. சிலர் குடும்பத்தையும் உடன் அழைத்து வந்தனர்.

அக்குடும்பத்துப் பிள்ளை ஒன்று முதல் நாள் வகுப்பறையில் அமர்கிறது எனக் கொள்வோம். ஆசிரியர் சொல்வது விளங்கவில்லை. தாகம் எடுத்தாலும் எந்தச் சொல்லால் கேட்பது எனத் தெரியவில்லை. வீட்டில் உதவுவதற்கும் ஆளில்லை. பெற்றோருக்கும் மலையாள எழுத்துத் தெரியாது. இவ்வாறு நாள்கள் கழிந்தால் பிள்ளை வாய் திறப்பதே இல்லை. ‘மந்தமான மாணவன்’ என்னும் பெயர்தான் மிஞ்சும். அறிவுக் குறையன்று அது. மொழி எட்டாத நிலையே ஆகும். இரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் எத்தனையோ பிள்ளைகளின் படிப்பு பாதியில் நின்றிருக்கிறது.

எறணாகுளம் மாவட்ட நிருவாகம் 2017இல் தொடங்கிய ‘ரோஷ்ணி’ திட்டம் இந்த இடத்தில்தான் கை கொடுத்தது. ரோஷ்ணி என்னும் இந்திச் சொல்லுக்கு ஒளி என்பது பொருள். பெரியாற்றங்கரைத் தொழிற்பகுதியான பினானிபுரத்தின் அரசுப் பள்ளி இம்முயற்சியில் முன்னின்றது. (துத்தநாக ஆலை நிறுவிய வட இந்தியக் குழுமத்தின் பெயரே அவ்வூருக்கு அமைந்தது. ஊர்ப்பெயரும் வெளியிலிருந்து வந்ததுதான்!) வழக்கமான வகுப்புக்கு முன்பே பிள்ளைகள் வந்துவிடுவர். பெற்றோர் விடியலிலேயே வேலைக்குச் சென்றுவிடுவதால் காலைச் சிற்றுண்டியும் பள்ளியில் வழங்கப்பட்டது. பிள்ளைகளின் தாய்மொழி அறிந்த தன்னார்வலர் பாடம் நடத்தினர்.

கற்பிக்கும் முறை எளியது. குவளை நீரைக் காட்டினால் இந்தி பேசும் பிள்ளை ‘பானி’ என்னும். வங்காளப் பிள்ளை ‘ஜோல்’ என்னும். இரண்டையும் ஏற்றுக்கொண்ட பின்னரே ‘வெள்ளம்’ என்னும் மலையாளச் சொல் அறிமுகமாகும். தமிழ்ப் பிள்ளைக்கு இச்சொல் முதலில் வியப்பளிக்கலாம். அவன் வீட்டில் வெள்ளம் என்றால் ஆற்றுப் பெருக்கு அல்லவா? தன் சொல்லுக்கு வகுப்பில் இடம் உண்டு எனக் கண்ட பிள்ளை, புதிய சொல்லை அஞ்சாமல் உச்சரிக்கும்.

2019ஆம் ஆண்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில், பீகாரிலிருந்து வந்த தொழிலாளி ஒருவரின் மகன் பினானிபுரம் பள்ளியில் படித்து, அனைத்துப் பாடங்களிலும் ‘ஏ பிளஸ்’ பெற்றார். மறு ஆண்டில் மகாத்மா காந்தி பல்கலைக்கழக இளங்கலைத் தேர்வில், தொல்லியலும் வரலாறும் பயின்ற மாணவி ஒருவர் முதலிடம் பெற்றார். அவர் தந்தையும் பீகாரிலிருந்து எறணாகுளத்திற்கு வந்து கடையில் பணிபுரிந்தவரே. பொருள் நெருக்கடியால் கல்லூரிப் படிப்பைக் கைவிட எண்ணிய அவரை ஆசிரியர்கள் தடுத்து ஊக்கினர்.

கேரள அரசு இத்தொழிலாளரை ‘விருந்தினர்’ என்னும் பொருள்படும் ‘அதிதி’ என்னும் சொல்லால் குறிக்கிறது. பண்பான சொல்தான். எனினும் விருந்தினர் சில நாளில் விடைபெறுவர். இங்கேயே வளர்ந்து மலையாளத்தில் தேர்வு எழுதி, அரசுப் பணிக்கும் ஆசிரியப் பணிக்கும் ஆயத்தமாகும் பிள்ளைகளுக்கு அச்சொல் பொருந்துமா?

சொற்பொருள்
செவிமடுத்தல் – கவனித்துக் கேட்டல்
உப்பங்கழி – கடலையொட்டிய உப்புநீர்ப் பரப்பு
ஈட்டுதல் – சம்பாதித்தல்
ஆயத்தம் – தயார் நிலை

பயிற்சி
1. மட்டாஞ்சேரி வணிகர்க்கு இயன்றது கூலித் தொழிலாளர்க்கு ஏன் இயலவில்லை?
2. ‘மந்தமான மாணவன்’ என்னும் பெயர் எவ்வாறு ஏற்படுகிறது?
3. பாடத்தின் இறுதியிலுள்ள வினாவுக்கு உம் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.
4. தமிழிலும் மலையாளத்திலும் பொருள் வேறுபடும் மேலும் இரு சொற்களைக் கேட்டறிந்து எழுதுக.