ஜூலையில் ஆஸ்திரேலியா: வடக்கா, தெற்கா, நடுவா?

ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்றும் ஆஸ்திரேலியாவுக்குக் குளிர்காலம். ஆனால் ஜூலையின் ஒரே நாளில் டார்வினில் பகல் வெப்பம் 31 டிகிரி செல்சியஸைத் தொடும். ஹோபார்ட்டில் 12 டிகிரியைத் தாண்டினாலே பெரிது. ஆகவே எந்த ஊர் என்று யோசிக்கும் முன், எந்த வானிலை வேண்டும் என்று முடிவு செய்வது நல்லது.

குளிர்காலத்தில் உயர் காற்றழுத்த மண்டலம் ஒன்று வடக்கே நகர்ந்து கண்டத்தின் நடுப்பகுதியில் தங்கிவிடுகிறது. அதற்கு வடக்கே வறண்ட தென்கிழக்குக் காற்று வீசும். தெற்கே, அண்டார்க்டிகா பக்கத்துக் கடலிலிருந்து குளிர்காற்றும் மழையும் அலை அலையாக வந்துகொண்டிருக்கும். நடுவில் மேகமே இல்லாத வானம். இப்படி மூன்று பட்டைகள். ஒவ்வொன்றிலும் பகல் வெப்பநிலையை மட்டும் பார்த்து ஏமாறாமல், இரவுக் குளிர், மழை நாட்கள், காற்று ஆகிய மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

வடக்கு: டார்வினா, கெயின்ஸா?

வடக்கே ஜூலைதான் சுற்றுலாவின் உச்ச காலம். டார்வினில் அந்த மாதம் மழை பெயரளவுக்குத்தான். இரவில் 19, 20 டிகிரி. சென்னையிலிருந்து போகிறவர்கள் எடுத்துப்போகும் ஸ்வெட்டருக்கு அங்கே வேலை இருக்காது. மழைக்காலத்தில் வெள்ளத்தில் மூழ்கி அடைபட்டிருந்த, டார்வினிலிருந்து போகும் கக்காடு தேசியப் பூங்காவின் மண்பாதைகள் பெரும்பாலும் இப்போது திறந்திருக்கும். அங்குள்ள ஜிம் ஜிம் அருவி வரை போக நான்கு சக்கர இயக்க வண்டி கட்டாயம். வறண்ட காலம் நீள நீள அந்த அருவியில் தண்ணீர் மெலியும். அருவிதான் குறி என்றால் ஜூலையைத் தாண்ட விடாதீர்கள். முதலைகளுக்கு மட்டும் பருவம் கிடையாது. எச்சரிக்கைப் பலகை உள்ள நீரில் கால்கூட வைக்கக் கூடாது. புதர்க்காடுகளில் திட்டமிட்டுத் தீ வைக்கும் காலமும் இதுவே. ஆஸ்துமா உள்ளவர்கள் புகையைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

பெரும் பவளத் திட்டுக்குப் புறப்படும் கெயின்ஸில் பகல் 26, இரவு 17 டிகிரி. நவம்பர் முதல் மே வரை கடலில் அச்சுறுத்தும் நச்சு ஜெல்லி மீன்களின் தொல்லை ஜூலையில் மிகக் குறைவு. சிறுவகை மிங்கி திமிங்கிலங்கள் பவளத் திட்டின் வடபகுதிக்கு வருவதும் ஜூன், ஜூலையில்தான். இங்கே சிக்கல் காற்றுதான். பல நாட்கள் தென்கிழக்குக் காற்று பலமாக வீசி, படகை ஆட்டி எடுக்கும். வாந்தி வரும் உடல்வாகு உள்ளவர்கள் மாத்திரை இல்லாமல் ஏற வேண்டாம். கடல்நீர் 23 டிகிரி அளவில் இருப்பதால் நீச்சலுக்கு வெட்சூட் வாங்கிக்கொள்ளலாம். கக்காடுவின் காட்டு விலங்கும் பாறை ஓவியமும் பிடிக்கும் என்றால் டார்வின். கடல்தான் ஆசை என்றால் கெயின்ஸ்.

நடு: உலுரு

கோடையில் 36 டிகிரி என்று முன்னறிவிப்பு வந்தால், உலுருவை அடுத்த காட்டா ஜூட்டா பாறைகளின் காற்றுப் பள்ளத்தாக்கு நடைபாதையை முற்பகலிலேயே மூடிவிடுவார்கள். ஜூலையில் அந்தக் கவலை இல்லை. பகலில் 20 டிகிரி; உலுரு பாறையைச் சுற்றியுள்ள 10.6 கிலோமீட்டர் பாதையை நிதானமாக நடந்து முடிக்கலாம். பாறைமீது ஏறுவது 2019 அக்டோபர் 26 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது.

ஏமாற்றுவது இரவு. மேகம் இல்லாததால் பகலின் வெப்பம் நேராக வானத்துக்குப் போய்விடும். இந்த நடுப்பகுதியின் ஊரான ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் ஜூலை இரவின் சராசரி 4 டிகிரி. பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும் இரவுகளும் சகஜம். சூரிய உதயம் பார்க்க இருட்டிலேயே போய் நிற்க வேண்டியிருக்கும். குல்லாய், கையுறை, தடித்த ஜாக்கெட் மூன்றும் கைப்பையில் இருக்கட்டும்.

தெற்கு: சிட்னி, மெல்போர்ன், பெர்த்

பிள்ளைகளைப் பார்க்கப் போகும் தமிழ்நாட்டுப் பெற்றோர் பெரும்பாலும் இறங்குவது இந்த ஊர்களில்தான். சிட்னியில் பகல் 17, இரவு 8 டிகிரி. மெல்போர்னில் பகல் 14, இரவு 7. எண்ணில் வித்தியாசம் சிறியது, உடம்புக்குப் பெரியது. ஜூலையில் மெல்போர்னில் பெய்யும் மழையின் அளவு சிட்னியில் பெய்வதில் ஏறக்குறைய பாதி. ஆனால் மழை நாட்கள் மெல்போர்னில்தான் அதிகம். தூறலும் மூட்டமும் தொடரும். சிட்னியில் கொட்டித் தீர்த்துவிட்டு வெயில் வரும். கடற்கரையோரம் வடக்கே போகும் கூனல் திமிங்கிலங்களையும் பார்க்கலாம். மெல்போர்னில் ஐந்தேகால், ஐந்தரை மணிக்கே சூரியன் மறைந்துவிடும் என்பதால் வெளியே சுற்றும் திட்டங்களைக் காலையிலேயே வையுங்கள். பழைய வீடுகள் பல உள்ளேயும் சில்லென்றிருக்கும்; வயதானவர்களுக்கு வீட்டுக்குள் அணியும் கம்பளிக் காலுறை அவசியம்.

மேற்கே பெர்த்துக்கு ஜூலை உச்ச மழைக்காலம். அதே மாநிலத்தின் வடபகுதியில் இருக்கும் புரூமில் அப்போது 29 டிகிரி வெயில். மேற்கு ஆஸ்திரேலியா என்று மட்டும் சொல்லி டிக்கெட் எடுத்தால் போதாது.

பனிச்சறுக்கு வேண்டுமா? நியூ சவுத் வேல்ஸின் திரெட்போ, பெரிஷர், விக்டோரியாவின் மவுண்ட் புல்லர் ஆகியவற்றில் ஜூன் நடுவில் பருவம் தொடங்கும். பனி நன்றாகச் சேர்வது ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்டிலும். கார் வாடகைக்கு எடுத்தால் சக்கரச் சங்கிலி விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்; திரெட்போவும் பெரிஷரும் இருக்கும் கோசியஸ்கோ தேசியப் பூங்காவுக்குள் இரு சக்கர இயக்கக் கார்கள் அதைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும்.

யாருக்கு எது?

குளிர் ஆகாதவர்கள், மூட்டுவலிக்காரர்கள்: டார்வின் அல்லது கெயின்ஸ்.
நடக்கவும் நட்சத்திரம் பார்க்கவும் விரும்புகிறவர்கள்: உலுரு.
சிறு குழந்தைகளோடு போகிறவர்கள்: கிழக்குக் கடற்கரையில் கெயின்ஸுக்கும் சிட்னிக்கும் இடையில் உள்ள பிரிஸ்பேன். பகல் 22 டிகிரி, மழை குறைவு, நீண்ட படகுப் பயணம் தேவையில்லை.
பனியைத் தொட்டுப் பார்க்க நினைக்கிறவர்கள்: சிட்னி அல்லது மெல்போர்னில் தங்கி மலைக்கு ஓரிரு நாள்.

பத்து நாள் இருந்தால் தெற்கில் ஓர் ஊர், வடக்கிலோ நடுவிலோ ஓர் ஊர் என்று இரண்டோடு நிறுத்துங்கள். சிட்னியிலிருந்து டார்வினுக்கு விமானத்திலேயே நாலரை மணி நேரம் ஆகும். முதலில் குளிரை முடித்துக்கொண்டு பிறகு வடக்கே வெயிலுக்குப் போனால், தடித்த துணிகளைத் தெற்கிலேயே உறவினர் வீட்டில் விட்டுவிடலாம். ஊர் திரும்பும் விமானமும் தெற்கிலிருந்துதான் என்றால் மட்டும். ஜூன் கடைசியிலிருந்து ஜூலை நடுவரை ஆஸ்திரேலியாவில் பள்ளி விடுமுறை. வடக்கே அறை வாடகை ஏறிவிடும். பள்ளி செல்லும் பிள்ளை உங்களோடு இல்லையென்றால் ஜூலைக் கடைசி வாரத்துக்குப் பதிவு செய்யுங்கள்.